நான்காம் நாளே தீர்ந்துபோகும் 95 லட்சம்

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளும் ஒரே நாளில் வாக்களித்து முடித்தன. இயந்திரங்களுக்குச் சீல் வைத்துக் கல்லூரிக் கட்டடங்களில் பூட்டினார்கள். வெளியே ஒரு பந்தல், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சிசிடிவி காட்சியைக் காட்டும் ஒரு திரை. அதன் முன்னால் கட்சி முகவர்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். பூட்டிய கதவின் படத்தை அவர்கள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தது 46 நாட்கள். வாக்குகளை எண்ணியது ஜூன் 4 அன்றுதான்.

அதே ஆண்டு பிரிட்டனில் பிரதமர் ரிஷி சுனக் மே 22 அன்று மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்தார். ஜூலை 4 வாக்குப்பதிவு. இரவோடு இரவாக எண்ணினார்கள். ஜூலை 5 அன்று கியர் ஸ்டார்மர் பிரதமராகிவிட்டார். அறிவிப்பிலிருந்து ஆட்சி மாற்றம் வரை 44 நாட்கள். நாம் போட்ட வாக்கு எண்ணப்படுவதற்குக் காத்திருந்த நாட்களைவிட இரண்டு நாள் குறைவு.

பிரிட்டனின் வாக்காளர்கள் ஐந்து கோடிக்கும் குறைவு, நம் நாட்டில் 96 கோடிக்கும் மேல் என்பது உண்மைதான். இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் இந்தியத் தேர்தல் ஏன் இவ்வளவு நீளம், அந்த நீளத்துக்கும் பணத்துக்கும் என்ன உறவு, எதை மாற்றலாம் என்பதையெல்லாம் தொடக்கத்திலிருந்து புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அது நல்ல தொடக்கம்.

கல்யாண வீட்டுக் கணக்கு

எங்கள் பக்கத்தில் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தேர்தல் செலவைப் பற்றிக் கேட்டபோது அவர் கல்யாணத்தைத்தான் உதாரணம் சொன்னார். தாலி, புடவை, மண்டபம் எல்லாம் ஒருமுறைச் செலவு. வீட்டுக்காரரை உண்மையில் சாய்ப்பது, முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் தங்கிவிட்ட சொந்தக்காரர்களின் மூன்று வேளைச் சாப்பாடு. தேர்தலும் அதேதான் என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக வருகிறது. 2024இல் தமிழ்நாட்டில் 68,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன. 39ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சுமார் 1,750 பூத். ஒரு பூத்துக்கு ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு, டீ, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது என்னுடைய உத்தேசக் கணக்கு. எல்லாக் கட்சிகளிலும் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை, சொந்தக் காசில் சைக்கிள் மிதிக்கிற தொண்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்தாலும் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 26 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்.

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் ஒரு மக்களவை வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 95 லட்சம். 2022இல் உயர்த்தப்பட்ட தொகை இது. நம் உத்தேசக் கணக்கின்படி நான்காம் நாள் மாலை டீக்கு முன்பே அந்தப் பணம் தீர்ந்துவிடும். அதுவும் ஒரு சுவரொட்டி அச்சடிக்காமல், ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டாமல், ஒரு கூட்டம் போடாமல்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள். 95 லட்சத்தை வகுத்தால் தலைக்கு ஆறு ரூபாய், அதாவது அரை டீ. இலங்கை 2023இல்தான் தேர்தல் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2024 அதிபர் தேர்தலில் அங்கே வைத்த வரம்பு வாக்காளருக்கு 109 இலங்கை ரூபாய், நம் பணத்தில் கிட்டத்தட்ட 30. அது கூடுதலா குறைவா என்பது வேறு விவாதம். வாக்காளருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வரம்பு வைக்கும் வழக்கமாவது அங்கே இருக்கிறது.

வெள்ளை, ரோஜா, மஞ்சள்

வேட்புமனு தாக்கல் செய்கிறவருக்குத் தேர்தல் அலுவலகம் ஒரு செலவுப் பதிவேட்டைக் கொடுக்கும். வெள்ளைத் தாள்களில் அன்றாடச் செலவு, ரோஜா நிறத் தாள்களில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்றே தனியாக வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். டீக்கும் வடைக்கும் பிரியாணிக்கும் நாற்காலி வாடகைக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டிருக்கும். வேட்பாளரின் கூட்டத்தை வீடியோ எடுக்க ஒரு குழு வரும். அதில் எத்தனை நாற்காலி, எத்தனை கொடி, எத்தனை வாகனம் என்று எண்ணித் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். வேட்பாளரின் கணக்கும் நிழல் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். முடிவு வந்த 30 நாட்களுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு தகுதியிழப்பு வரை போகலாம். 2011இல் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவர், பணம் கொடுத்து வெளியிட்ட செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று அப்படித் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

படிக்கும்போது இதைவிடக் கறாரான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும். வடைக்குக்கூட விலை குறிக்கிற சட்டத்தில் ஓட்டை எங்கே?

முன்கதவுக்கு ஏழு பூட்டு போட்ட வீட்டில் கொல்லைப்புறத்துக்குச் சுவரே இல்லை. வேட்பாளருக்குத்தான் வரம்பு. அவரை நிறுத்திய கட்சிக்கு எந்த வரம்பும் கிடையாது. கட்சி ஆயிரம் கோடி செலவழித்தாலும் சட்டப்படி குற்றமில்லை. தேர்தல் முடிந்து 90 நாட்களுக்குள் தேர்தல் ஆணையத்திடம் ஒரு செலவு அறிக்கை கொடுத்தால் போதும்.

இது தற்செயலாக விடுபட்டதல்ல. 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், டெல்லி சதர் தொகுதியின் 1971 தேர்தல் வழக்கில் தெளிவாகவே தீர்ப்புச் சொன்னது. வேட்பாளருக்குத் தெரிந்தே அவருக்காகக் கட்சி செலவழித்தால் அதையும் அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்றது. வென்றவரின் தேர்தல் செல்லாது என்றானது. சில வாரங்களில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சியின் செலவு வேட்பாளரின் செலவாகாது என்று எழுதிவிட்டது. அடைபடவிருந்த ஓட்டைக்கு நாடாளுமன்றமே வாசற்கால் வைத்துக் கொடுத்தது. 2003இல் அந்த விலக்கைக் கொஞ்சம் சுருக்கினார்கள். இருந்தாலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. ஹெலிகாப்டர் கட்சியுடையது, இறங்கும் மைதானம் தொகுதியுடையது. மேடையில் வேட்பாளர் பக்கத்தில் நின்றால் கூட்டச் செலவில் அவருக்குப் பங்கு உண்டு. அனுபவமுள்ள வேட்பாளர் எப்போது மேடையேறுவது, எப்போது கீழே நிற்பது என்று அறிந்தவராக இருப்பார்.

இரண்டாவது ஓட்டை நாட்காட்டியில் இருக்கிறது. சட்டத்தின் கண் திறப்பது வேட்புமனு தாக்கல் செய்யும் நாளில்தான். அதற்கு முந்தைய ஆறு மாதம் நடந்த பாதயாத்திரை, பொதுக்கூட்டம், பிறந்தநாள் அன்னதானம், சுவர் விளம்பரம் எதுவும் 95 லட்சத்தில் சேராது. பிரச்சாரம் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு பணம் கணக்குக்கு வெளியே ஓடும்.

இதன் விளைவை எல்லோரும் அறிவார்கள். ஜெயித்தவர்கள் பெரும்பாலும் உச்சவரம்புக்கு வெகு கீழேயே கணக்குக் காட்டுகிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலுக்கு மொத்தம் 55,000 கோடிக்கும் மேல் செலவானது என்று டெல்லியைச் சேர்ந்த ஊடக ஆய்வு மையம் மதிப்பிட்டது. அரசின் செலவும் கட்சிகளின் செலவும் சேர்ந்த தொகை இது. மதிப்பீடு என்பதால் கூடக்குறைய இருக்கலாம். 543 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு நூறு கோடி வருகிறது. அப்போது வேட்பாளரின் உச்சவரம்பு 70 லட்சம். மதிப்பீடு பத்து மடங்கு தவறாக இருந்தாலும்கூட இரண்டு எண்களும் ஒரே ஊரில் குடியிருக்க முடியாது.

பட்டுவாடா பற்றி இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே. நகரும், 2019இல் வேலூரும் பணப் பட்டுவாடா புகாரால் வாக்குப்பதிவுக்கு முன்பே நிறுத்தப்பட்டன. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பிரச்சாரம் நீண்டால் பட்டுவாடாவும் நீளும். ஒருவர் கொடுத்த செய்தி மற்றவருக்கு எட்டுவதற்கும், அவர் கூட்டிக் கொடுப்பதற்கும் நாட்கள் வேண்டும்.

நீளம் எங்கிருந்து வருகிறது

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25இல் தொடங்கி 1952 பிப்ரவரி 21 வரை நடந்தது. சாலையில்லாத ஊர்களுக்கு மாட்டுவண்டியிலும் யானைமீதும் பெட்டிகள் போன காலம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1980இல் ஜனவரி 3, 6 என்று இரண்டே நாள் வாக்குப்பதிவில் நாட்டையே முடித்துவிட்டார்கள். அப்போது கையில் செல்போன் இல்லை, மேசையில் கணினி இல்லை. 2024இல் ஏழு கட்டம், ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை 44 நாட்கள். முதல் தேர்தலுக்குப் பிறகு இதுதான் மிக நீண்டது.

ஆணையம் சொல்லும் காரணம் பாதுகாப்பு. உள்ளூர்ப் போலீஸை எல்லா இடத்திலும் நம்ப முடியாது என்பதால் மத்திய ஆயுதப் படையை மாநிலம் மாநிலமாக நகர்த்த வேண்டியிருக்கிறது. ரயிலில் ஏற்றி, இறக்கி, ஊரைப் பழக்கப்படுத்தி, மீண்டும் ஏற்ற ஒரு வாரம் ஆகிறது. இது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். வாக்குச்சாவடியைக் கைப்பற்றிக் கள்ள ஓட்டுக் குத்திய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கட்டங்கள் கூடியதில் அந்த அநியாயம் குறைந்தது. ஆனால் உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம் மூன்றிலும் ஏழு கட்டங்களாக நடத்தியே தீர வேண்டுமா என்று கேட்கலாம். கடைசிக் கட்டத்தில் உத்தரப் பிரதேசத்தில் தேர்தல் பணியில் இருந்தவர்கள் பலர் வெயிலின் கொடுமையில் இறந்தார்கள். எண்ணிக்கைக்கு முந்தைய நாள் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமாரே, தேர்தலை ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் தொகுதியில் பிரச்சாரம் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்பது நோக்கம். ஏழு கட்டத் தேர்தலில் அந்த அமைதி எங்கே? என் தொகுதியில் ஒலிபெருக்கி அடங்கியிருக்கும்போது அடுத்த கட்டத் தொகுதியில் தலைவர் பேசுவதைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டுகிறது. சட்டம் தெருவோடு திரையையும் மூடச் சொல்கிறது, நடைமுறையில் மூடுவது தெரு மட்டும்தான்.

அப்புறம் சாமானியனின் சங்கடம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் கேட்கும் பறக்கும் படை. மாட்டுச் சந்தையில் காளையை விற்றுவிட்டு மடியில் பணத்தோடு திரும்புகிறவர் எந்த ரசீதைக் காட்டுவார்? நடத்தை விதிகள் அமலில் இருக்கும்வரை புதிய அரசுத் திட்டம் தொடங்க முடியாது. 2024இல் அறிவிப்பு மார்ச் 16, முடிவு ஜூன் 4. நடுவே 80 நாட்கள்.

நாட்களுக்கு வரம்பு வைத்தவர்கள்

நீளமும் பணமும் ஒன்றே என்பதைக் கனடா ஒரு தேர்தலில் பட்டு உணர்ந்தது. 2015இல் அங்கே ஆளுங்கட்சி 78 நாள் பிரச்சாரத்துக்குத் தேதி குறித்தது. 37 நாளுக்கு மேற்படும் ஒவ்வொரு நாளுக்கும் செலவு வரம்பு கூடும் என்று முந்தைய ஆண்டுதான் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. கஜானா நிறைந்த கட்சிக்கு நீண்ட பிரச்சாரம் லாபம், காலிக் கஜானா மூச்சு வாங்கும் என்பது கணக்கு. கணக்குப் போட்ட கட்சியே தோற்றது தனிக் கதை. 2018இல் சட்டத்தை மாற்றி, பிரச்சாரம் 50 நாளைத் தாண்டக் கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. வேட்பாளரின் செலவுக்கு 1883லேயே வரம்பு போட்டது. கட்சிக்கு வரம்பு வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. 2024இல் அது நிறுத்தும் தொகுதி ஒன்றுக்கு 54,010 பவுண்டு. தொலைக்காட்சியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யவே முடியாது. கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்குகிறார்கள்.

அமெரிக்கா எதிர்த் திசை. பிரச்சாரச் செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுரிமைக்குத் தடை என்று 1976இலேயே அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு டிரம்ப் களமிறங்குவதாக அறிவித்தது 2022 நவம்பர் 15இல். இரண்டு ஆண்டு கல்யாணம்.

ஆனால் நாட்களைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். அங்கே கீழவைத் தேர்தலின் அதிகாரபூர்வப் பிரச்சாரம் 12 நாள்தான். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பதும் தடை. பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஒலிபெருக்கி வண்டி சுற்றும். 12 நாளில் புதியவர் ஒருவர் தன் முகத்தையாவது பழக்க முடியுமா? அப்பா பெயரும் தாத்தா பெயரும் உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. குறுகிய பிரச்சாரத்தின் ஆபத்து இதுதான். ஏற்கெனவே தெரிந்தவருக்கும் ஆளுங்கட்சிக்கும் அது சாதகம். வாரிசு அரசியல் நமக்குப் புதிதில்லை என்பதால் இந்த எச்சரிக்கையை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது 1996 திருத்தம். அதற்கு முன்பு இது 20 நாளாக இருந்தது. 2024இல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது மார்ச் 30 முதல் ஏப்ரல் 19 வரை 20 நாள். ஆக, ஒரு தொகுதிக்குள் நடக்கும் பிரச்சாரம் அப்படியொன்றும் நீளமில்லை. அதை மேலும் வெட்டினால் ஜப்பான் கதைதான். நீளம் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: முன்னால் கணக்கில் வராத மாதங்கள், பின்னால் கட்டம் கட்டமாக இழுக்கும் வாரங்கள்.

எனவே முதல் வேலை கட்சிக்கு உச்சவரம்பு. வேட்பாளரின் 95 லட்சத்தை ஒன்றரைக் கோடியாக்கினாலும் சரி, உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் கட்சிக்கு வரம்பில்லாதவரை அது வெறும் எண். இரண்டாவது, கணக்கின் தொடக்கத்தை முன்னே தள்ளுவது. பிரிட்டனில் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 365 நாட்களின் கட்சிச் செலவு கணக்கில் வருகிறது. நம் நாட்டில் ஆறு மாதமாவது வரட்டும். மூன்றாவதுதான் கட்டங்களைக் குறைப்பது. அதற்குப் படையும் பணமும் வேண்டும் என்பதால் ஒரே தேர்தலில் ஏழு இரண்டாகாது. நான்காகலாம்.

அரசே செலவை ஏற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1998இல் இந்திரஜித் குப்தா குழு அதைப் பரிசீலித்து, ரொக்கமாக வேண்டாம், எரிபொருள், தாள், ஒளிபரப்பு நேரம் என்று பொருளாகக் கொடுக்கலாம் என்றது. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் இப்போதும் உண்டு. என் கருத்தில், மேல் வரம்பு இல்லாத இடத்தில் அரசுப் பணம் கொடுப்பது ஓட்டைப் பானையில் இன்னொரு குடம் ஊற்றுவது.

‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ வந்தால் செலவு குறையும் என்ற வாதமும் இதோடு கலந்துவிடுகிறது. அது தேர்தல்களின் எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு தேர்தல் எவ்வளவு நீளம், அதில் கட்சி எவ்வளவு கொட்டலாம் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் வரம்பு மட்டும் போட்டாலும் பயனில்லை. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதன் பிறகுதான் வெளியே வந்தது. நாடு ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசியது. பிறகு வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது.

அந்தத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று அவர்களுடைய பிரமாணப் பத்திரங்களே சொல்கின்றன. பந்தல்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமில்லை. அவருக்குக் கவலை வேறு. ஒரு தேர்தலுக்குப் போட்ட மேடைக்கு வர வேண்டிய பாக்கி இன்னும் வரவில்லையாம். கேட்கப் போனால் வேட்பாளரின் ஆட்கள் கட்சியைக் கைகாட்டுகிறார்கள், கட்சிக்காரர்கள் வேட்பாளரைக் கைகாட்டுகிறார்கள். பதிவேட்டின் வெள்ளைத் தாளில் அந்த மேடை ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். “எந்தப் பதிவேடு?” என்றார்.